இரண்டு வீட்டுக்கு ஒரு படலை

பாக்கியரத்தினம் சேருக்குக் கறுப்புத் திரை பிடிக்காது.

அவர் பொறுப்பாளராக இருந்த எங்கள் தொண்டு நிறுவன அலுவலகத்து மடிக்கணினியைப் போட்டால் முதலில் கறுப்பாக ஒரு திரை வரும். அதில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி: மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். எதற்குள் போகவேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். பேசாமல் இருந்தால் தானே விண்டோசுக்குள் போய்விடும். அவ்வளவுதான் சங்கதி. ஒரு வளவுக்குள் இரண்டு வீடு, உள்ளே போகிற வாசற்படலை ஒன்று. விண்டோஸ் வீட்டில் சேர் குடியிருந்தார்: ஆங்கில அறிக்கைகள், மகளின் பிறந்தநாள் படங்கள், சீட்டு விளையாட்டு. லினக்ஸ் வீட்டில் இலங்கைத்துறை என்ற கரையோர ஊருக்கு நான் கீறிய கிணற்று வரைபடம் இருந்தது.

அந்த வீட்டை நான் ஆசைக்குக் கட்டவில்லை. வரைபடம் கீறுகிற மென்பொருள் வாங்கித் தரும்படி கேட்டேன். பட்ஜெட்டில் இடமில்லை என்றார் சேர். லினக்சில் அது இலவசம், போட்டேன். பிரதி எடுத்து வைக்க ஒரு பென்ட்ரைவ் கேட்டேன். அதற்கும் இடமில்லை. கூட்டம் வைக்க உப்புவெளியில் குளிரூட்டிய ஹோட்டல் மண்டபத்துக்கு மட்டும் அதே பட்ஜெட்டில் இடமிருந்தது. துறைமுகத்தில் மா மூட்டை சுமந்த அப்பாவின் முதுகில் ஏறித்தான் நான் பட்டம் வாங்கினேன். இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அது இரண்டாயிரத்தெட்டு. இலங்கைத்துறைச் சனம் சண்டையில் செல்லடிக்கு ஓடி, முகாம் முகாமாக இருந்து, திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பவுசர் என்கிற தாங்கி வண்டியில்தான் குடிதண்ணீர் வந்தது. காசு தருகிற வெளிநாட்டு நிறுவனம் ஊர்க் கிணறுகளை எல்லாம் இயந்திரம் வைத்து இறைத்துத் துப்புரவாக்கியது. பிறகு, கிணறு துப்புரவு என்றால் தண்ணீரும் நல்லது, தண்ணீர் நல்லது என்றால் பவுசர் எதற்கு என்று கேட்டது. கேள்வி ஆங்கிலத்தில் இருந்தபடியால் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

நான் உப்பு அளக்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு கிணறு கிணறாகப் போனேன். கரையோரக் கிணறுகளை அளவுக்கு மிஞ்சி இறைத்திருந்தார்கள். இறைக்க இறைக்கக் கடல் நிலத்துக்கு அடியால் உள்ளே வந்திருந்தது. முன்பு கொஞ்சம் மட்டும் சவர்த்த கிணற்றுத் தண்ணீர்கூட இப்போது வாயில் வைக்க ஏலாது. கமலேஸ்வரி என்று ஒரு பெண், மூன்று பிள்ளைகளின் தாய், தன் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

"குடிச்சுப் பாருங்கோ மிஸ். சீனியும் போட்டனான், உப்பு இலவசம்" என்றாள். நான் ஒரு மிடறோடு வைத்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "பவுசர் நிண்டுதெண்டால் இதைத்தான் பிள்ளையளுக்கும் குடுக்கவேணும். அங்க ஆரிட்டையும் சொல்லுவீங்களோ?"

சொல்லுவேன் என்றேன். வெள்ளிக்கிழமை உப்புவெளிக் கூட்டத்தில்தான் பவுசரின் தலைவிதி எழுதப்பட இருந்தது. வாரக்கணக்காக இருந்து வரைபடத்தை முடித்திருந்தேன். நல்ல கிணறு பச்சை, உப்புக் கிணறு சிவப்பு. கரை முழுக்கச் சிவப்பு.

வியாழன் பின்னேரம் கடைசி அளவுகளோடு அலுவலகம் திரும்பினேன். சேர் என் மேசையில், என் கதிரையில், மடிக்கணினிக்கு முன்னால் குந்தியிருந்தார். முகத்தில் கலியாண வீட்டுக் களை.

"வாரும், வாரும். உம்மட கறுப்புச் சனியனைத் துலைச்சாச்சு. இப்ப நேரா விண்டோசுக்குப் போகுது, பாரும்."

முந்திய கிழமை சோதனைச்சாவடியில் நேவிக்காரன் கணினியைப் போட்டுக் காட்டச் சொன்னானாம். கறுப்புத் திரையைக் கண்டதும் சந்தேகப்பட்டு இவரை வெயிலில் மறித்து வைத்தானாம். இந்தக் கதையை அலுவலகத்தில் கேளாத ஆள் இல்லை. வாசலில் தேங்காய் விற்க வந்த மனுசிக்குக்கூடச் சொல்லியிருந்தார். அந்தத் திரையைத் துலைக்க விண்டோசைப் புதிதாகப் போட்டால் சரி என்று நினைத்திருக்கிறார். எங்களூர் இணையத்தில் ஒரு அப்டேட் இறங்கி முடிய அடுத்த பொங்கல் வந்துவிடும். அதனால் கொழும்புக்குப் போனவர் வெள்ளவத்தையில் ஒரு கடைக்காரனிடம் அதைச் சீடியில் வாங்கி வந்திருக்கிறார். என்ன சீடி என்று கடைக்காரனுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. போட்டு, கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்று அமத்தியிருக்கிறார். அது பழைய படலையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் வீட்டுக்கு மட்டும் ஒரு படலை போட்டுக்கொண்டது. என் வீடு உள்ளே அப்படியே நின்றது. போக வழிதான் இல்லை.

திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி நின்றது. இந்தப் பகுதி ஃபோமட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று விண்டோஸ் கேட்டது. தனக்குப் புரியாத வீட்டை வெறும் காணி என்று நினைக்கிற புத்தி அதற்கும் இருந்தது. சேரின் விரல் 'ஓம்' என்பதற்கு மேலே; அமத்தினால் என் வீடு தரைமட்டம்.

"இதையும் செய்துவிட்டால் இடம் கொஞ்சம் கூடும் எண்டு நினைக்கிறன்."

அவருடைய கைக்குக் கீழே இருந்து கணினியை இழுத்து எடுத்தேன். அவருடைய தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது.

"என்ன பழக்கம் இது, பூரணி?"

"நாளைக்குக் காட்டவேண்டிய வரைபடம் அந்தக் காணிக்குள்ளதான் கிடக்கு, சேர்."

அவர் கால்சட்டையைத் துடைத்தபடி, அப்படியென்றால் அதை விண்டோசில் அல்லவா செய்திருக்கவேண்டும் என்றார். கம்பஸ் படித்த பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு என்றும் சொன்னார். பிறகு, தயவாக, வரைபடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, துப்புரவாக்கிய கிணறுகள் எத்தனை என்ற தொகை தன்னிடம் இருக்கிறது, அதை வைத்துச் சமாளிக்கலாம் என்றார். அந்தத் தொகைதான் பவுசரை நிறுத்தப் போகிற தொகை. அது அவருக்கு விளங்கவில்லை. விளங்கியும் பேசாமல் இருந்தாரோ தெரியாது. எது கேவலம் என்று தீர்மானிக்க எனக்கு அன்று நேரமில்லை.

லினக்ஸ் சீடி என் வாடகை அறையில் இருந்தது. அலுவலக வானின் சாரதி முஹம்மது தம்பி கிண்ணியாக்காரர், அண்ணன் முறைக்கு நான் நானா என்று கூப்பிடுகிறவர். அறைக்கு ஏற்றிக்கொண்டு போகும் வழியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாகனத்தை ஓரத்தில் நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"கறுப்புத் திரையா? அந்த நேவிப் பொடியன் முதல்ல கம்ப்யூட்டரக் கேக்கவே இல்ல, தங்கச்சி. எல்லாரும் இறங்கச் சொன்னான். நான் இறங்கிட்டன். இவர் இறங்கல்ல. கண்ணாடிய இறக்கி, இங்கிலீசில ஏசினார். அதுக்குத்தான் வெயில். கம்ப்யூட்டரப் போடச் சொன்னதே கடைசியில, விடுறதுக்குக் கொஞ்சம் முந்தி."

ஆக, ஒரு மனிதர் வானை விட்டு இறங்கமாட்டார் என்பதற்காக ஒரு ஊரின் தண்ணீர் அழியப் பார்த்தது.

அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். சீடியிலிருந்து லினக்சை எழுப்பி, என் வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பழைய படலைக்குச் சொல்லிக்கொடுத்துத் திரும்ப நடவேண்டும். முதல் தரம் சரிவரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு பிழை இலக்கம் மட்டும் வந்து நின்றது. இப்போது விண்டோசும் இல்லை. திரும்பச் சீடியைப் போட்டு, எழுதியதை வாசித்தேன். அந்தப் படலை பகுதிகளைப் பூச்சியத்திலிருந்து எண்ணும். நான் அவசரத்தில் ஒன்றிலிருந்து எண்ணியிருந்தேன். சேரை ஏசிக்கொண்டே எண்ணினால் அப்படித்தான். திருத்தினேன். இரண்டு வரியும் வந்தன. மேல் வரியை அமத்தினேன். கரை முழுக்கச் சிவப்பாக இலங்கைத்துறை திறந்தது. புதிய அளவுகளையும் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

கூட்டத்தில் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தார்கள். சேர் முதலில் எழும்பித் துப்புரவாக்கிய கிணறுகளைப் பற்றி அழகான ஆங்கிலத்தில் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் முறை வந்தபோது கணினியைப் போட்டேன். கறுப்புத் திரை சுவர் அளவுக்கு விழுந்தது. சேர் என் பக்கம் குனிந்து, கீழ் வரிக்குப் போகும்படி முணுமுணுத்தார். நான் மேல் வரிக்குப் போனேன்.

வரைபடம் வந்தது. காசு தருகிற நிறுவனத்தின் பெண் எழும்பிக் கிட்ட வந்து ஒரு சிவப்புப் புள்ளியைத் தொட்டாள். இந்தக் கிணறு துப்புரவாக்கப்படவில்லையா என்று கேட்டாள். அது கமலேஸ்வரியின் கிணறு.

"துப்புரவாக்கினதுதான். அதனால்தான் சிவப்பு" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இறைத்த விதத்தையும் கடல் வந்த விதத்தையும் சொன்னேன். தேத்தண்ணியையும் சொன்னேன். அவள் தன் போத்தலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாரி மழை முடியும்வரை பவுசர் ஓடும், பிறகு திரும்ப அளப்பது, கரைக் கிணறுகளில் இனி இயந்திரம் வைப்பதில்லை என்று முடிவானது. வரைபடம் எங்கள் குழுவின் கடின உழைப்பு என்று சேர் நன்றியுரையில் சொன்னார். கடினமாக உழைத்த அவருடைய விரலை நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது அதே சாவடியில் மறித்தார்கள். நானும் நானாவும் இறங்கினோம். சேர், நேவிக்காரன் கண்ணாடியில் தட்டும்வரை உள்ளேயே இருந்து, பிறகு இறங்கினார். கணினியைப் போடச் சொன்னான். கறுப்புத் திரை, இரண்டு வரி. அவன் பார்த்தான், கொட்டாவி விட்டான். கேம் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டான். கீழ் வரியில் இருக்கிறது, அது அந்த ஐயாவுடைய பக்கம் என்று சேரைக் காட்டினேன். போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

வான் கொஞ்சத் தூரம் போனபிறகுதான் சேர் வாயைத் திறந்தார்.

"இண்டைக்கு ஏதோ அதிர்ஷ்டம். அடுத்த கிழமை நான் இதைக் கொழும்புக்குக் கொண்டுபோகவேணும். அந்தக் கறுப்பை எடுக்க ஒரு வழியும் இல்லையோ, பூரணி?"

"எடுக்கத் தேவையில்லை, சேர். மறிச்ச உடன இறங்குங்கோ. அது போதும்."

முஹம்மது தம்பி நானா சிரிப்பை அடக்கி, கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் கியரை மாற்றினார்.