நொடிக்கு ஒரு படம்

பூரணத்தை மாப்பிள்ளை பார்க்க ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். டொரோண்டோவில் அப்போது சனி இரவு. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அண்ணன் தியாகராசாவின் கம்ப்யூட்டர் முன்னால் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். தொண்ணூற்றெட்டில் இது புதுமை என்று தெருவே பேசியது. முப்பத்திரண்டு வயதுக்காரி முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

இடது கன்னத்தில், சின்ன வயதில் கொதி எண்ணெய் தெறித்த தழும்பு. அம்மா தங்கரத்தினம் வலப்பக்கமாக எடுத்த போட்டோவைத்தான் அனுப்பியிருந்தாள். "பாக்கிறப்ப சொல்லிக்கலாம்" என்று அன்றைக்குச் சொன்னவள், இன்றைக்கு, "தலைய ஆட்டி ஆட்டிப் பேசு, கேமராவுக்கு நேரா முழிக்காதே" என்றாள்.

அந்தக் குறுக்குவழியைக் காட்டிக்கொடுத்ததே அண்ணன்தான். யுனிவர்சிட்டியில் அவன் ஆராய்ச்சியே அதுதான். டெலிபோன் லைன் நேரத்துக்கு நேரம் சுருங்கும், விரியும். சுருங்கும்போதும் படம் கெடாமல் எப்படி அனுப்புவது? நேற்று பெருமை தாங்காமல் விளக்கினான். அசைந்தால் லைன் அசைவுக்கே செலவாகிவிடும், முகம் கலங்கிப்போகும். அசையாமல் இருந்தால் மிச்சமெல்லாம் தெளிவுக்குப் போகும். அம்மா அதில் முகம் கலங்கும் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதைத் தாண்டியதும் திரையில் மாப்பிள்ளை சிவகுருநாதன் வந்தான். பூரணம் வணக்கம் சொன்னாள்.

"வணக்கம். நீங்கள் கதைக்கிறது கேக்குது. முகம்தான் வடிவாத் தெரியேல்லை."

அம்மா பின்னாலிருந்து முதுகில் விரலால் குத்தினாள். பூரணம் தலையை ஆட்டினாள், சிரித்தாள். அங்கே போய்ச் சேரும் தன் படம் திரையின் மூலையில் தெரிந்தது. இரண்டு கன்னமும் ஒன்றுபோல் வழவழவென்று இருந்தன. அழகாகத்தான் இருந்தாள், அதுதான் எரிச்சல். இவளைப் பார்த்து அந்த ஆள் சம்மதிப்பான். ஏர்போர்ட்டில் போய் இறங்கப்போவது நானல்லவா?

"அண்ணா, லைன் எப்படி இருக்கு?"

"மோசம் லா. நொடிக்கு ஒரு படம்தான் போகும். ஆனா கிளியரா அனுப்பலாம்."

"அனுப்பு."

"அம்மா என்ன சொல்வாங்க..." என்று அவன் இழுத்தான்.

"அனுப்பு அண்ணா."

அவன் ஒரு பட்டனைத் தட்டினான். பூரணம் இடது கன்னத்தைக் கேமராவுக்குத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகில் அம்மாவின் விரல் குத்திக்கொண்டே இருந்தது. மூலைப் படத்தில் முதலில் பொட்டு தெளிந்தது, பிறகு கண். கடைசியாகத் தழும்பு, சுருங்கிய தோலின் ஒவ்வொரு மடிப்போடும்.

திரையில் சிவகுருநாதனின் படம் அசையாமல் நின்றது.

"லைன் போயிடுச்சா?" என்று அம்மா நம்பிக்கையோடு கேட்டாள்.

"இல்ல, இருக்கு" என்றான் அண்ணன்.

சிவகுருநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேமராவை நோக்கிக் குனிந்தான். குனிந்த வேகத்தில் அவன் முகம் சாம்பல் கட்டங்களாக உடைந்தது. அவன் அப்படியே அசையாமல் இவளைப் பார்த்திருக்க, அவை ஒவ்வொன்றாகக் கூடிவரத் தொடங்கின. பூரணம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.