திலேஸ்வரின் எண்

செத்துப்போன கணவனின் குரலுக்கு மகுவாடீயில் விலை நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாயும் ஆறு இலக்கங்களும்; பேரம் கிடையாது. லாரியில் அடிபட்ட திலேஸ்வரை எரித்துச் சாம்பலையும் ஆற்றில் கரைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவன் மனைவி ஜித்னி சந்தையில் பொரி அளந்துகொண்டிருந்தபோது, அவன் எண்ணிலிருந்தே, அவன் குரலிலேயே அழைப்பு வந்தது. அவள் அழவில்லை. "எந்த மூங்கில் தோப்புல உக்காந்து பேசுற? யாருடா நீ?" என்றாள்.

ஊர் அப்படி. மூங்கில் தோப்புகளில் ஒளிந்து உட்கார்ந்து, வங்கி அதிகாரியாகவும் மின்வாரிய ஆளாகவும் போனில் குரல் மாற்றிப் பேசி, முகம் தெரியாதவர்களின் சேமிப்பைக் கறந்துதான் ஜார்க்கண்டின் அந்த மூலையில் மண் சுவர்கள் மாடிவீடுகளாயின. அதனாலேயே மகுவாடீக்காரர்கள் போனில் யாருக்கும் 'ஆமாம்' சொல்வதில்லை. கல்யாணச் சம்மதத்தைக்கூட பஸ் ஏறிப் போய் நேரில்தான் சொல்வார்கள். பேசியவனோ எதையும் கேட்கவில்லை. மழை உண்டா, எருமை கறக்கிறதா, மகள் முனியா பள்ளிக்குப் போகிறாளா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவான். எதுவும் கேட்காத அழைப்பை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை; பயம் பிடித்துக்கொண்டது. இந்தத் தொழிலில் பெரிய கையான பன்சீதர் வந்து, ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டுவிட்டுப் பொறாமையோடு தலையாட்டினான். "பொறுமைக்காரன் அண்ணி. இவ்வளவு நாள் சும்மா பேசுறான்னா பெருசாத்தான் குறிவச்சிருக்கான். அண்ணனோட விபத்துப் பணம் வந்திருச்சுல்ல?"

வந்திருந்தது. நான்கு லட்சம், முனியாவின் படிப்புக்கென்று வங்கியில் கிடந்தது.

ஆடி பிறந்ததும் கோரிக்கை வந்தது. எண்ணுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் கட்டாவிட்டால் செவ்வாய்க்கிழமை வேறு எவனுக்கோ கொடுத்துவிடுவார்கள், அதன்பின் தன்னால் பேச முடியாது என்றது குரல். "உன் போனுக்கு ஆறு நம்பர் வரும். அதை மட்டும் சொல்லு." பன்சீதர் தொடையில் தட்டிக்கொண்டான். தன் வாயால் ஆயிரம் பேரிடம் சொன்ன வாசகம். அதைக் கேட்டு நம்பரைச் சொன்னவர்கள் யாருக்கும் அன்று மாலை கணக்கில் ஒன்றும் மிஞ்சியதில்லை.

செவ்வாயன்று பாதி ஊர் பொரிக்கடை முன்னால் நின்றது. சொன்னால் மகளின் படிப்பு போகலாம். சொல்லாவிட்டால் அவன் இரண்டாம் முறை சாவான். ஜித்னி வங்கிக்காரி மாதிரி விசாரணையைத் தொடங்கினாள். கல்யாணத் தேதி கேட்டாள். ஹோலிக்கு முன்னாலா பின்னாலா என்று அவன் இழுத்தான். மகளின் பிறந்தநாளை இரண்டு மாதம் தள்ளிச் சொன்னான். அவள் படிக்கும் வகுப்பில் ஒன்றைக் குறைத்தான். ஆதாரில் மாமியார் பெயர் என்ன என்றதற்கு, "அம்மான்னுதானே கூப்பிடுவேன்" என்றான்.

பன்சீதரின் முகம் தொங்கிவிட்டது. "நம்ம பயலுவ எவனும் இப்படி ஒண்ணுமே தெரியாம போனைத் தொட மாட்டான் அண்ணி."

"உங்க அண்ணன் உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான்" என்ற ஜித்னி, எழுத்துக்கூட்டுவது போல ஆறு இலக்கங்களையும் சொன்னாள்.

வங்கியிலிருந்து போனது நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்தான்; அதற்குமேல் ஒரு ரூபாயும் அசையவில்லை. திலேஸ்வர் இப்போது சந்தை நாளன்று பேசுகிறான். வரிசையில் நிற்பவர்கள் நலம் விசாரித்துவிட்டுப் பொரி வாங்கிப் போகிறார்கள். ஜித்னி மட்டும் ஒவ்வொரு தடவையும் அவன் வாக்குக் கொடுத்ததையெல்லாம் நினைவூட்டுகிறாள். கூரைக்கு ஓடு: பணத்தை ரகசியமாகத் தம்பியிடம் கொடுத்து வைத்திருந்ததை அவனே சொன்னான், வசூலாகிவிட்டது. வெள்ளிக் கொலுசு, தேவ்கர் யாத்திரை: இரண்டும் பாக்கி.