முப்பத்தொன்றில் ஒன்று

பெரிய டாக்டரம்மாவின் பொறாமை அந்த ஆஸ்பத்திரியே அறிந்த பொறாமை. மறைக்கத் தெரிந்தால்தானே! மாதம் பிறந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு தாள் வரும்: உங்களிடம் வந்தவர்களில் மூன்று மாதமாகச் சிகரெட்டைத் தொடாதவர்கள் இத்தனை பேர் என்று. இந்த மாதம் அவளுக்கு நான்கு. அடுத்த அறைச் சின்ன டாக்டருக்கு முப்பத்தொன்று.

"இருபது வருஷமா நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டுக்கிட்டிருக்கேன். இவன் நேத்து முளைச்சவன்!" என்று நர்ஸிடம் பொரிந்தாள்.

நர்ஸுக்கு வாய் சும்மா இருக்காது. "அவர் ஒண்ணும் பெருசா செய்யல டாக்டரம்மா. பத்து நிமிஷம் பேசுறார், கம்பெனி குடுத்த ஃபாரத்த நிரப்பி அனுப்புறார். அங்கேருந்து ஒரு அம்மா வாராவாரம் அவங்களுக்கு ஃபோன் பண்ணிப் பேசுறாங்க. சிகரெட் ஆசைய அடக்கத் தோள்ல ஒட்டுற மருந்துப் பட்டையும் இலவசம். உங்க ஃபாரமெல்லாம் கீழ் டிராயர்ல தூங்குது."

"இன்சூரன்ஸ்காரன் வந்து எனக்கு வைத்தியம் சொல்லித் தரணுமாக்கும்!"

அவளுடைய வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். திட்டு. வந்தவர்கள் பூம்பூம் மாடுபோலத் தலையாட்டிவிட்டு, வாசலுக்குப் போனதும் பற்றவைத்தார்கள். வீட்டிலும் அதே மருந்துதான்; கணவரைப் பதினெட்டு வருடமாகத் திட்டுகிறாள். அந்த ஒரு மனிதரையாவது தன் கையால் நிறுத்த வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆயுசு ஆசை. கொஞ்ச நாளாக அவர் சட்டையில் புகை வாடை இல்லை. அப்பாடா, திட்டு பலித்துவிட்டது என்று உள்ளூரப் பூரித்துப்போயிருந்தாள்.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து இன்னொரு உறை வந்தது. அதே தாளை மறுபடி அனுப்பிவிட்டார்கள் என்று பிரித்தாள். குடும்ப இன்சூரன்ஸ் அவள் பேரில் இருந்ததால் வந்த கடிதம் அது. உங்கள் கணவர் தொண்ணூறு நாளாகப் புகைக்கவில்லை, வாழ்த்துகள் என்றது. ஃபாரம் அனுப்பிய மருத்துவர் என்ற இடத்தில் சின்ன டாக்டரின் பெயர்.

நோயாளிகளைத் தட்டிக்கொண்டு போனான், போகட்டும். புருஷனையுமா?

வீட்டில் அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை அந்தத் துணிமேலேயே போட்டாள்.

"கட்டினவ டாக்டர். அவன்கிட்ட போய் நின்னீங்களா? என் மானம் என்ன ஆகுறது?"

அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, கையிலிருந்த சட்டையை மெல்ல மடித்து வைத்தார்.

"நடுவுல ரெண்டு தடவ தோத்தேன். அந்த ஃபோன்காரம்மா 'பரவால்ல, நாளைக்குத் திரும்ப ஆரம்பிங்க'ன்னாங்க. அவங்ககிட்ட தோக்கலாம். உங்கிட்ட தோத்துட்டு உன் மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

டாக்டரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத் துணியை மடிக்க ஆரம்பித்தாள். பதினெட்டு வருடத்தில் முதல் முறை.

மறுநாள் கீழ் டிராயரை இழுத்து, கசங்கிய ஃபாரங்களை அள்ளிக்கொண்டு அடுத்த அறைக் கதவைத் தட்டினாள். சின்ன டாக்டர் பதறி எழுந்தான். "மேடம், சாரோட விஷயம்... அவர்தான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு..."

"உக்காருப்பா. இத எப்படி நிரப்புறதுன்னு சொல்லு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் கலங்கியது, குரல் மட்டும் பழைய குரல்தான். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. உன் முப்பத்தொண்ணுல ஒண்ணு என்னோடது."