கஞ்சியால் ஒட்டிய முதல் பக்கம்

மருதமுனை ஜெஸீமின் மகன் அஹ்ஸனைக் கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போன வேன், இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டில் மூன்று தடவை புறப்பட்டு, மூன்று தடவையும் மாப்பிள்ளையின் சொந்த வீட்டு வாசலிலேயே போய்ச் சேர்ந்தது. முதல் தடவை காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, சம்மாந்துறையைத் தாண்டி, வயல்வெளியில் ஒரு வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கியதும் முன்னால் மருதமுனைத் தறிச் சத்தம் கேட்டது. இரண்டாம் தடவை அக்கரைப்பற்றுப் பக்கமாகச் சுற்றிப் போனார்கள்; அந்த வழியும் அதே வீட்டின் பச்சைக் கேற்றில் கொண்டுவந்து விட்டது. அதன்பிறகு, சோதித்துப் பார்ப்போமென்று மாப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வேனை மட்டும் அனுப்பினார்கள். அது ஒரு மணித்தியாலத்தில் பெண்ணின் ஊரான வரிப்பத்தான்சேனைக்குப் போனது. போனவர்கள் பெண் வீட்டில் சஹன் என்கிற பெருந்தட்டைச் சுற்றி இருந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டும் வந்தார்கள். மூன்றாம் தடவை மாப்பிள்ளையை ஏற்றினார்கள். வேன் திரும்பி வந்தது. அது டீசலுக்கு இரண்டு நாள் வரிசையில் நிற்க வேண்டியிருந்த வருடம். வேன் ஓட்டிய நற்பிட்டிமுனைப் பாக்கியராசா, இறங்கி நான்கு டயரையும் பார்த்துவிட்டுச் சொன்னதைத்தான் ஊர் பிறகு பல நாள் சொல்லிக்கொண்டிருந்தது. "ரோட்டில பிழையில்ல, வேனிலயும் பிழையில்ல. மாப்பிள்ளையிலதான் என்னவோ கிடக்கு."

மாப்பிள்ளையில் ஒன்றும் இல்லை. கோளாறு ஒரு கொப்பியில் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் இந்தக் கரையின் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் அங்கேயே இருப்பான். பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டுவார்கள், ஆணைப் பெற்றவர்கள் பெட்டி கட்டுவார்கள். இதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது, ஏனென்றால் ஒரு மகன் போனால் ஒரு மருமகன் வருவான். ஜெஸீமின் மனைவி முஸ்பிறாவுக்கு அந்தக் கணக்குச் சரிவரவில்லை. அவளுக்கு அஹ்ஸன் ஒருவன்தான். கல்முனையில் கைப்பேசி திருத்தும் கடையில் வேலை செய்து, மாலையானால் வந்து, உம்மா ஆக்கியதைக் குறை சொல்லாமல் தின்கிற பிள்ளை. வரிப்பத்தான்சேனை முத்தலிபின் மகள் றிபாவுக்கு அவனைப் பேசி முடித்த அன்று முஸ்பிறா எல்லோரையும் போலச் சிரித்தாள், வந்தவர்களுக்கு வட்டிலப்பம் வெட்டிக் கொடுத்தாள். அடுத்த நாள் தொடக்கம் அவளுக்கு வீட்டில் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாததுபோல் இருந்தது.

அந்த நிலையில்தான் அவளுடைய ராத்தாவின், அதாவது அக்காவின், மகள் றுமைஸா, சாய்ந்தமருதில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், ஸ்கிராப்புக் என்ற சங்கதியைக் கொண்டுவந்தாள். உலகத்தில் எத்தனையோ பெண்கள் துண்டு துணுக்குகளைக் கொப்பியில் ஒட்டி, பூ வரைந்து, பக்கத்தில் நாலு வரி எழுதி வைக்கிறார்கள், அதனால் மனம் ஆறுகிறது என்று கைப்பேசியில் காட்டினாள். முஸ்பிறாவுக்குப் பிடித்துவிட்டது. அவள் வீட்டுச் சுவரில் படம் மாட்டுகிற பழக்கம் இல்லை. கொப்பிக்குள் வைத்தால் யாருக்கும் குறையில்லை. ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. புதிதாகத் தொடங்குகிற எல்லோரையும் போல அவளும் நல்ல தாள் வேண்டும், நல்ல கத்தரிக்கோல் வேண்டும் என்று இரண்டு கிழமையைப் போக்கினாள்.

"கனக்க யோசிக்காதீங்க சாச்சி," என்றாள் றுமைஸா. "இரிக்கிற கொப்பிய எடுங்க. முதல் பக்கத்துக்கு ஒரே ஒரு விசயம். மனசுக்கு ஆகக் கிட்டினத ஒட்டுங்க. கீழ தேதியப் போடுங்க. அடைச்சி ஒட்டாம இடம் விடுங்க, அவ்வளவுதான்."

மனசுக்கு ஆகக் கிட்டியது எது என்பதில் முஸ்பிறாவுக்கு ஒரு நிமிடமும் தயக்கம் இருக்கவில்லை. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் அவள் கையோடு தூக்கி ஓடிய பிஸ்கட் டின்னைத் திறந்தாள். அஹ்ஸன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டி, ஏழாம் நாள் மொட்டையடித்த மயிரில் ஒரு பிடி, முதலாம் ஆண்டுப் பள்ளிச் சட்டையின் பை, அவன் பல் விழுந்த அன்று எழுதிக் கொடுத்த ஒரு துண்டு, எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினாள். பசை இல்லை. அந்த வருடம் கல்முனைக் கடைகளில் பசையும் இல்லை, தாளும் இல்லை, சில நாட்களில் கடைக்காரரும் இல்லை. ஆனால் ஜெஸீமின் தறிக்கொட்டிலில் ஒரு பானை கஞ்சி எப்போதும் இருக்கும். பாவு நூலுக்குப் போடும் கஞ்சி அது, அறுந்து ஓடாமல் நூலைத் தறியோடு பிடித்து வைத்திருப்பதற்கென்று காய்ச்சுவது. முஸ்பிறா அதில் ஒரு கோப்பை அள்ளினாள். தறிக்காரன் பெண்சாதிக்கு ஒரு தடவை மட்டும் பூசிப் பழக்கமில்லை. இரண்டு தடவை பூசி, அத்தனையையும் முதல் பக்கத்தில் ஒட்டி, தூரிகையால் நீவி, வெயிலில் காய வைத்தாள். பக்கம் பலகைபோல் இறுகியது. கீழே தேதி போட்டாள்.

அதற்குப் பிறகுதான் வேன் திரும்பத் திரும்ப வந்தது. அஹ்ஸன் வேலைக்குப் போய்வரத் தடையில்லை. திரும்பி வருகிற நினைப்போடு போனால் பொத்துவில் வரைக்கும் போவான். ஆனால் ஒரு இடத்தில் தங்குகிற நினைப்போடு படியிறங்கினானோ, எந்த ரோட்டும் அவனை உம்மாவின் வாசலுக்கே கொண்டுவந்து விட்டது. ஓதிப் பார்த்தார்கள், சதகா என்று தானம் கொடுத்தார்கள். கடைசியில் ஜெஸீம்தான், எதையோ தேடி அலுமாரியைத் திறந்தவர், கஞ்சி மணத்தைப் பிடித்தார். நாற்பது வருடம் முகர்ந்த மணம். கொப்பியை விரித்துப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கஞ்சி போட்ட நூல் தறியை விட்டுப் போகாது, கழுவினால்தான் போகும். ஈரத் துணியால் சட்டைப் பை இருந்த மூலையை மட்டும் மெதுவாக ஒற்றினார். அன்று மாலை அஹ்ஸனுக்குத் தான் முதலாம் ஆண்டில் படித்த பள்ளிக்கூடம் எது என்று தெரியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தியும் தெரியவில்லை. ஜெஸீம் துணியை வீசிவிட்டு, கொப்பியை வெயிலில் வைத்து, பக்கத்தில் தானே காவல் இருந்தார். அந்தப் பள்ளிக்கூடம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

பெண் இங்கே வரட்டுமே என்று சிலர் சொன்னார்கள். முத்தலிப் மரியாதையாகத்தான் பதில் அனுப்பினார். "பொம்புளய அனுப்புற வழக்கம் எங்களுக்கிட்ட இல்ல. கட்டின வீட்ட என்ன செய்ய, நெல்லு மூட்டை அடுக்கவா? பெரும்போக நெல்லு வெட்டு முடியுமட்டும் பாப்பம். அதுக்குப் பொறகு எங்கட வழிய நாங்க பாக்கம்." நியாயமான மனிதர். இரண்டு போக விளைச்சல் காசை அந்த வீட்டில் கொட்டியிருந்தார். அஹ்ஸனும் றிபாவும் தினமும் கைப்பேசியில் கதைத்தார்கள். அஹ்ஸன் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பத் தொடங்கினான், அப்போதும் குறை சொல்லவில்லை. வயல்களில் கதிர் சாயத் தொடங்கியிருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் முஸ்பிறா கொப்பியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு றுமைஸாவிடம் காட்டச் சாய்ந்தமருதுக்குப் போனாள். ஒட்டிய மூலை கிளம்பினால் என்ன செய்வது என்று கேட்கத்தான் போனாள். இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, கடை பூட்டி மருதமுனைக்கு வீட்டுக்கென்று புறப்பட்ட அஹ்ஸன், றுமைஸாவின் வாசலில் வந்து சைக்கிளை நிறுத்தினான். வடக்கே போக வேண்டியவன் தெற்கே வந்திருந்தான். முஸ்பிறா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் துணிப்பையைப் பார்த்தாள். பிள்ளை ஒட்டியிருப்பது வீட்டோடு அல்ல, கொப்பியோடு. கொப்பி எங்கேயோ அவன் அங்கே. அப்படியானால் வழி இருக்கிறது. அவள் அந்த வழியை ஒன்பது நாள் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கதை சொல்கிற நான் இதை மறைப்பதில் நியாயமில்லை. ஒன்பது நாளும் மகனுக்குப் பிடித்த மீன் ஆணத்தையே ஆக்கினாள், ஒன்பது நாளும் அவன் பிசைந்துவிட்டு எழும்பினான். பத்தாம் நாள் அவன் கை கழுவும்போது பின்னால் போய் நின்றாள்.

"நான்தான் மகன் உன்னைப் பிடிச்சி வெச்சிருக்கன். ஒட்டக்குள்ள இப்பிடி வருமெண்டு தெரியா. ஆனா நீ போகாமக் கிடந்தா நல்லமெண்டு நினைச்சித்தான் ஒட்டினன். இப்ப வழியும் தெரிஞ்சிட்டு. சொல்ல மனமில்லாமக் கிடந்தன்."

"றுமைஸா ராத்தாட வாசல்ல நிண்டப்பவே எனக்கும் விளங்கிட்டு உம்மா."

"அப்ப ஏன் கதைக்கல்ல?"

"நீங்க கதைப்பீங்கெண்டு பாத்தன்."

முஸ்பிறா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாப்பாவைக் கூப்பிடு, பாக்கியராசாவுக்கு அறிவிக்கச் சொல் என்றாள். வெட்டு முடிய ஐந்து நாள் இருக்கும்போது நான்காம் தடவையாக வேன் புறப்பட்டது. முன் இருக்கையில் முஸ்பிறா, மடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய கொப்பி. வாய்க்கால் பாலம் வந்தபோது வேனுக்குள் எல்லோரும் முன் கண்ணாடியை எட்டிப் பார்த்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் வயல் இருந்தது, அதற்கு அந்தப் பக்கமும் வயல், பிறகு வரிப்பத்தான்சேனைப் பள்ளிவாசல். காவின் என்கிற கலியாணப் பதிவு எழுதி முடிந்ததும் முஸ்பிறா கொப்பியை மருமகளின் கையில் கொடுத்தாள்.

"தண்ணி படாமப் பாத்துக்க புள்ள. மேல் தட்டில வை."

றிபா முதல் பக்கத்தைப் பார்த்தாள், பிறகு மற்றப் பக்கங்களைப் புரட்டினாள். "மிச்சமெல்லாம் வெறுமையாக் கிடக்கு மாமி."

"அதுகள் உன்ட. நீ ஒட்டு."

முஸ்பிறா திரும்பி வந்து இரண்டாவது கொப்பி ஒன்றைத் தொடங்கினாள், இந்த முறை கடைப்பசையால். அதில் ஒட்டியவை வெறுமனே ஒட்டிக்கொண்டு இருந்தன, சில உதிர்ந்தும் போயின. றுமைஸாவின் வட்டத்தில் இப்போது இருபது பெண்கள் ஸ்கிராப்புக் செய்கிறார்கள். மகன் கட்டாருக்குப் போகிறான், மகள் கனடாவுக்குப் போகிறாள் என்று ஒரு கோப்பை கஞ்சி கேட்டு வருகிறவர்களும் உண்டு. ஜெஸீம் பானையை மூடிவிட்டுத் தேநீர் கொடுத்து அனுப்புகிறார். பெருநாளைக்கு அஹ்ஸன் மருதமுனையில் இரண்டு நாள் தங்க வேண்டுமென்றால் கொப்பியும் வரவேண்டும். றிபா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள், கண்டக்டர்கள் அதற்கு இடம் விடப் பழகிவிட்டார்கள்.

போன ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து அவர்கள் புறப்பட்டுப் போன பிறகு, மேசையைத் துடைக்க வந்த முஸ்பிறா, கொப்பி அங்கேயே இருப்பதைக் கண்டாள். பஸ் போய்க் கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது எல்லாச் சனத்தோடும் தன் வாசலுக்கு வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் போய் நாலு பேருக்கு அரிசி அளந்து கழுவி ஊற வைத்தாள். பிறகு ஊறுகிற அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ரோட்டுக்குப் போய் ஒரு ஆட்டோவை மறித்தாள். காரைதீவுச் சந்தியில் பஸ் மேற்கே திரும்பாமல், தலையை வடக்கே வைத்துக்கொண்டு இரைந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் றிபா இருந்தாள்.

"மறந்து போட்டியா புள்ள?"

"மறக்கல்ல மாமி," என்றாள் றிபா. "உங்களுக்கு இன்னும் ஒரு நாள் கிடக்கட்டுமெண்டு விட்டனான்."

முஸ்பிறா கொப்பியை ஜன்னலால் உள்ளே கொடுத்தாள். "வயல் வேலை கிடக்குத்தானே. போயிட்டு அடுத்த மாசம் வாங்க." அஹ்ஸன் ஜன்னலால் கையை நீட்டி உம்மாவின் கையைப் பிடித்தான், பிறகு விட்டான். கொப்பி ஏறியதைப் பார்த்ததும் டிரைவர் ஒன்றும் கேட்காமல் ஸ்டியரிங்கை மேற்கே வெட்டினார். பஸ் சம்மாந்துறை ரோட்டில் இறங்கிப் போனது. முஸ்பிறா வீட்டுக்கு வந்து, ஊறிக் கிடந்த அரிசியில் இரண்டு பேருக்கு வேண்டியதை உலையில் போட்டாள். மிச்சத்தை இடித்து, வறுத்து, அவர்கள் வரும்போது பலகாரத்துக்கு ஆகுமென்று டின்னில் போட்டு வைத்தாள்.