வாசலுக்கு வெளியே நின்ற மகள்

மது வடிப்பவர்களுக்குக் கோஜிப் பூஞ்சையின் விதைப்பொடி விற்பது மொரியாசுவின் குலத்தொழில். பதினோரு தலைமுறையாக அந்தப் பூஞ்சையை ஒரு பாக்டீரியாவும் அண்டியதில்லை. பாக்டீரியாவால் புளிக்கவைத்த சோயா உணவான நாட்டோவைக் காலையில் தின்றவர்களை அவர் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். பல்கலைக்கழகத்தில் மண் பாக்டீரியாக்களோடு வேலை செய்யும் மகள் சிகுசாவுக்கும் அதே சட்டம்தான்.

அவள் வாசலுக்கு வெளியே நின்று ஒரு படத்தை உயர்த்திக் காட்டினாள். வீட்டுப் பூஞ்சையைப் பாக்டீரியாவோடு ஒரே குடுவையில் வளர்த்திருந்தாள். பூஞ்சையைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தது.

"இந்த மஞ்சள் பொருளை இதுவரை யாரும் பார்த்ததில்லப்பா. ஆராய்ச்சிக் கட்டுரையில அதுக்கு நம்ம வீட்டுப் பேரைப் போடலாமா?"

"கண்டதோட சேர்த்து வளர்த்துட்டு நம்ம பேரா? பாக்டீரியா செஞ்சதுக்கு அது பேரையே போடு."

"செஞ்சது நம்ம பூஞ்சைதான். பாக்டீரியா நெருங்கினதும் எதிர்த்து நிக்கறதுக்காக இதைச் செஞ்சிருக்கு. தனியா வளர்த்தா செய்யவே மாட்டேங்குது."

"அப்போ இத்தனை தலைமுறையா?"

"அந்தச் சக்தி உள்ளேயே இருந்திருக்கு. நீங்கதான் எதிரியையே கிட்ட விடலையே."

மொரியாசு வாசற்படி வரை வந்து படத்தை உற்றுப் பார்த்தார்.

"கடைசியில யார் ஜெயிச்சது?"

"நம்ம வீட்டுப் பிடிவாதம்தான், வேற யாரு?"

"சரி, போடு. எழுத்துப்பிழை இருக்கக் கூடாது."

மகிழ்ச்சியில் அவள் ஓரடி முன்னால் எடுத்து வைத்தாள்.

"அங்கேயே நில்லு!"

பிறகு அவரே வாசலைத் தாண்டி வெளியே வந்து படத்தைக் கையில் வாங்கினார். இனி குளித்து உடை மாற்றாமல் அவரும் உள்ளே போக முடியாது.