நோன்பு லீவில் பூட்டிக் கிடந்த ஸ்கூல்

ஸித்தி ஸுபைதா டீச்சருக்கு வயிறு எரியத் தொடங்கியது, அந்த மாடிக் கட்டடத்துக்குக் கண்ணாடி ஜன்னல் போட்ட நாளில் இருந்துதான். அதற்கு முன்னால் எரியவில்லை என்று சொன்னால் பொய். புகைந்துகொண்டிருந்தது, ஜன்னல் வந்ததும் பற்றிக்கொண்டது.

மாடி அவளுடைய ஸ்கூலுக்குக் கட்டியதல்ல. பதுளை டவுனின் மறுகோடியில் இருந்த தமிழ்ப் பாடசாலைக்குக் கட்டியது. அங்கே அதிபர் தனலெட்சுமி. நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில், கொழுந்து பறித்த ராசம்மாவுக்கு மகளாகப் பிறந்து படித்து மேலே வந்தவள். ஸுபைதாவும் அவளும் ஆசிரியர் கலாசாலையில் ஒரே அறையில் இருந்தவர்கள். அப்போது ஸுபைதாவின் வாப்பா பஸாரில் புடவைக்கடை முதலாளி. வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தால் ஸுபைதாதான் வெட்டிக் கொடுப்பாள், தனலெட்சுமி வாங்கிச் சாப்பிடுவாள். கொடுக்கிறவள் என்றைக்கும் தான்தான் என்று ஸுபைதா அந்த நாளிலேயே முடிவு கட்டிவிட்டாள். ஆண்டவன் வேறு கணக்குப் போட்டிருந்தான்.

ஸுபைதாவும் அதிபர்தான். ஆனால் எதற்கு அதிபர்? பஸாருக்குப் பின்னால் மொஹிதீன் ஹாஜியாருக்குச் சொந்தமான சாமான் அடுக்குகிற பழைய கிட்டங்கி ஒன்று. அதற்குள் பலகைத் தட்டி அடித்துப் பிரித்த அறைகள், மேலே தகரம். மழை பெய்தால் பாடம் நின்றுவிடும், டீச்சரின் தொண்டை தகரத்தோடு போட்டி போட முடியாது. அதுதான் முஸ்லிம் பாடசாலை. கல்விக் கந்தோர் ஹாஜியாருக்கு வாடகை கட்டி வந்தது.

வெளிநாட்டுச் சாமான் தாராளமாக இறங்கத் தொடங்கியதும் பஸாரில் ஒரு முழ இடத்துக்கும் ஆட்கள் அடித்துப் பிடித்தார்கள். ரேடியோ கடை, துணிக்கடை, கண்ணாடிச் சாமான் கடை. ஹாஜியாருக்குக் கிட்டங்கியை இடித்துக் கடைத்தொகுதி கட்ட ஆசை. அது ஊருக்கே தெரியும். ஆனால் ஒரு சட்டம் குறுக்கே நின்றது. பிள்ளைகள் படிக்கிற கட்டடத்தை இடிக்க டவுன் கவுன்சில் அனுமதி தராது. பாவனையில் இல்லாத, சும்மா கிடக்கிற கட்டடம் என்று கவுன்சில் ஆள் வந்து பார்த்து எழுதினால் மட்டும் தரும். ஆகவே ஸ்கூல் நடக்கிறவரை ஸ்கூல் இருக்கும். ஸுபைதாவுக்கு அந்தத் தைரியம் இருந்தது.

நோன்பு மாதம் வந்தால் முஸ்லிம் பாடசாலைகளுக்கு லீவு. தமிழ்ப் பாடசாலைக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து சேர்ந்ததில் தனலெட்சுமியின் ஸ்கூலில் இருக்க இடமில்லை. அவள் வந்து கேட்பாள், ஸுபைதா தன் வகுப்பறைகளை அந்த ஒரு மாதத்துக்குக் கொடுப்பாள். பிறை கண்ட மறுநாள் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து கிட்டங்கியில் உட்காருவார்கள். கேட்கிறவளாகத் தனலெட்சுமி வாசலில் நிற்பதைப் பார்க்க ஸுபைதாவுக்கு எவ்வளவு இனிப்பாக இருக்கும் தெரியுமா? நோன்பு முழுக்க அந்த இனிப்பிலேயே ஓடிவிடும்.

அந்த வருடமும் தனலெட்சுமி வந்தாள். ஜூன் கடைசி. கச்சான் காற்று பஸார் புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது.

"சுபைதா, இந்த மாசமும் ஒன் ரூமுங்களைக் குடுத்துரு. புள்ளைங்க மரத்தடியில காத்துல கிடந்து சாகுதுங்க."

ஆட்கள் முன்னால் 'டீச்சர்' என்பாள். தனியே இருந்தால் வெறும் 'சுபைதா'தான். முன்பு அது காதில் விழுந்ததேயில்லை. இப்போது முள்ளாகக் குத்தியது.

"ஒனக்குத்தான் மாடி வந்திட்டே?" என்றாள் ஸுபைதா.

"வந்து என்னா பண்றது? தெறப்பு விழாவுக்கு மந்திரிப் பெரியவரு தேதி குடுக்கல. நாடா வெட்டாம உள்ள போகக்கூடாதுன்னு ஆர்டர். கண்ணாடி வழியா எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறோம்."

இதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். இருவரும் சேர்ந்து சிரித்து, கந்தோர்க்காரரைத் திட்டி, பழையபடி ஆகியிருக்கலாம். ஆனால் ஸுபைதாவின் காதில் விழுந்தது கண்ணாடி என்ற சொல் மட்டும்தான். போன மாதம் கல்விப் பணிப்பாளர் கூட்டத்தில் எழுந்து, இடமில்லாமலே இவ்வளவு நன்றாக ஸ்கூல் நடத்துகிற அம்மாள் என்று தனலெட்சுமியைப் புகழ்ந்தது நினைவுக்கு வந்தது. இடம் கொடுத்தது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தன் தம்பி மகள் நளீராவைக்கூட அடுத்த வருடம் அங்கே சேர்க்கப் போகிறார்களாம். அதுவும் நினைவுக்கு வந்தது.

"இந்த முறை ஏலாது," என்றாள் ஸுபைதா. "லீவுக்குள்ள நிலத்துக்குச் சிமெந்து போடணும். மேசன் பாஸ் வாறன்னு சென்னார்."

சிமெந்தும் இல்லை, பாஸும் இல்லை. வாய்க்கு வந்த பொய்.

தனலெட்சுமியின் முகம் சுருங்கவில்லை. "அப்படியா? நல்லதுதான், அந்தக் குண்டுங்குழிக்குள்ள புள்ளைங்க விழுந்து எந்திரிக்குதுங்க. நான் கோயில் மடத்துல கேட்டுப் பாக்குறேன்," என்று போய்விட்டாள். ஒரு வார்த்தை கோபித்திருந்தாலாவது ஸுபைதாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் புருஷன் ஸரூக் கேட்டார். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், பஸாரில் என்ன நடந்தாலும் அவர் காதுக்கு வரும்.

"அறைகளைக் குடுத்தா என்ன? சும்மா தானே கிடக்கு?"

"அவளுக்கு மாடி ஈக்குது. கண்ணாடி ஈக்குது. இன்னும் என்னத்துக்கு என்ட தகரக் கொட்டில்?"

"ஒனக்குப் பொறாமை," என்றார் ஸரூக், சிரித்துக்கொண்டே.

"ஓம், பொறாமைதான்!" என்று ஸுபைதா கத்தினாள். கத்தியதும் கொஞ்சம் லேசாக இருந்தது. லேசானதே தவிர, பூட்டைத் திறக்க மனம் வரவில்லை. அந்த நோன்புக்குக் கிட்டங்கி பூட்டியே கிடந்தது. வாசலில் புழுதி படிந்தது, ஆடுகள் வந்து படுத்தன. ஸுபைதா வீட்டில் கஞ்சி காய்ச்சினாள், ஓதினாள், ரோலுக்கு மா குழைத்தாள். தொழுகை விரிப்பில் இருக்கும்போதுகூட, மரத்தடியில் காற்றோடு மல்லுக்கட்டுகிற தனலெட்சுமி கண்ணில் வந்தாள். அது ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்குப் பாவமன்னிப்பும் கேட்டாள், மறுநாள் மறுபடி சந்தோஷப்பட்டாள்.

பெருநாளுக்குச் சில நாள் முன்னால், நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஸரூக் வேர்த்து விறுவிறுக்க வந்தார். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார், கஞ்சிக் கோப்பையைத் தொடவில்லை.

"ஒன்ட ஸ்கூலுக்குக் கூரை இல்ல," என்றார்.

"என்ன?"

"ஹாஜியார் ஆள் போட்டுத் தகரத்தைக் கழட்டிட்டார். கவுன்சில் ஆள் வந்து பார்த்துப் பாவனையில் இல்லைன்னு எழுதிக் குடுத்திட்டானாம். இடிக்க அனுமதியும் வந்திட்டாம்."

ஸுபைதா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடினாள். கதவில் அவள் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. கதவிடுக்கால் உள்ளே எட்டிப் பார்த்தால் கரும்பலகைக்கு மேலே வானம். மேசை கதிரைகளை மட்டும் ஹாஜியார் மரியாதையாக எடுத்துப் பக்கத்துக் கடை விறாந்தையில் அடுக்கி வைத்திருந்தார்.

மறுநாள் கல்விக் கந்தோரில் போய் நின்றாள். நோன்பு லீவு என்று சொன்னாள், முஸ்லிம் பாடசாலை என்று சொன்னாள். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு அது தெரியாமலில்லை. "மேடம், நீங்க சொல்றது விளங்குது. ஆனா கவுன்சில் ரிப்போர்ட் ஒன்று இருக்கிறது, அதை மாற்ற இன்னொரு ரிப்போர்ட் வர வேண்டும். வந்தாலும் கூரை இல்லாத கட்டடத்துக்கு நாங்கள் வாடகை கட்ட முடியாதே," என்றார். அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கொடுமை.

பெருநாள் முடிந்தது. ஸுபைதாவின் பிள்ளைகளைத் 'தற்காலிகமாக' எங்கே போடுவது என்று கந்தோர் யோசித்து, உத்தரவு அனுப்பியது. எங்கே என்று நான் சொல்ல வேண்டுமா? மாடிக்குத்தான். அந்தக் கிழமைதான் பெரியவர் வந்து நாடா வெட்டியிருந்தார்.

தனலெட்சுமி படியடியில் நின்று எதிர்கொண்டாள். காற்று வருகிற மூலை அறையை ஒழித்து வைத்திருந்தாள். பிள்ளைகள் படியில் தடதடவென்று ஏறி ஓடினார்கள். கிட்டங்கிக்குள் ஒரு நாளும் அவர்கள் அப்படி ஓடி நுழைந்ததில்லை. அதைப் பார்த்தும் ஸுபைதாவுக்குப் பொறாமை வந்தது. தன் பிள்ளைகளின் சந்தோஷம் மேலேயே பொறாமை.

"அடுத்த நோன்புக்கும் ஒங்க புள்ளைங்களுக்கு வழக்கம் போல லீவு உண்டு, நான் எழுதிக் கேட்டுட்டேன்," என்றாள் தனலெட்சுமி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஹாஜியாரு சும்மா விடமாட்டாருன்னு எனக்குத் தெரியும் சுபைதா. போன நோன்புலயும் கவுன்சில் ஆளைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. எங்க புள்ளைங்க உள்ள வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருந்துச்சுங்க. இங்க ஸ்கூல் நடக்குதேன்னு அந்த ஆளு திரும்பிப் போயிட்டாரு. அதுக்கு முந்தின வருசமும் அப்படித்தான். பெரிய விசயமாத் தோணல, ஒனக்குச் சொல்லாம விட்டுட்டேன்."

ஸுபைதாவின் கால் படியில் நின்றுவிட்டது. ஒவ்வொரு நோன்புக்கும் தான் இடம் கொடுத்ததாக நினைத்திருந்தாள். கொடுத்தது தனலெட்சுமி, ஸுபைதாவின் ஸ்கூலைக் காவல் காத்தது அந்த லயத்துப் பிள்ளைகள். அவர்களைத்தான் காற்றில் விட்டுப் பூட்டுப் போட்டாள்.

அன்றைக்குப் பொய் சொன்னதைச் சொல்லிவிடலாமா என்று வாய் துடித்தது. சொன்னால் தனலெட்சுமி என்ன செய்வாள்? கையைப் பிடித்து, விடு சுபைதா என்பாள். மன்னித்துவிடுவாள். மாடியும் கொடுத்து, மூலை அறையும் கொடுத்து, மன்னிப்பையும் கொடுப்பாள். அதை வாங்க ஸுபைதாவுக்குத் திராணி இல்லை.

"பாவம், சிமெந்து வேற போட்டே," என்றாள் தனலெட்சுமி. "எல்லாம் வீணாப் போச்சே."

"ஓம்," என்றாள் ஸுபைதா. "நல்ல சிமெந்து."