மூன்றாவது கடிதம்

விண்ணப்பப் பக்கத்தில் இரண்டு பச்சைக் குறிகள் விழுந்திருந்தன. மூன்றாவது இடத்தில் மட்டும் 'இன்னும் வரவில்லை' என்று சிவப்பில் நின்றது. கெடு முடிய ஒன்பது நாள். காலையில் பல் விளக்குவதற்கு முன் ஒரு தடவை, பள்ளியில் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை என்று அவள் அந்தச் சிவப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு முப்பத்துநான்கு வயது. பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பாள். மாலையில் நகரத்து இசைக்குழுவில் வியோலா வாசிப்பாள். வியோலா வயலினுக்கு அக்கா மாதிரி. உடம்பு கொஞ்சம் பெரிது, குரல் கொஞ்சம் கனம், சபையில் யாரும் அவ்வளவாகத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பதினோரு வருடம் அப்படியே ஓட்டியவள், இந்த வருடம் முதுகலை இசை வாசிப்புப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அனுப்பிய ஒலிப்பதிவு தேறி, நேரில் வந்து வாசிக்கக் கூப்பிட்டும் விட்டார்கள். ஆனால் மூன்று பரிந்துரைக் கடிதமும் வந்து சேர்ந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

மூன்றாவது கடிதம் குச்சிக்காரருடையது. இசைக்குழுவை நடத்துபவருக்கு, கையை விட்டு இறங்காத அந்த வெள்ளைக் குச்சியை வைத்து வாசிப்பவர்கள் சூட்டிய பெயர் அது. வீட்டில் ஒருமுறை அவரை 'நடத்துநர்' என்று சொன்னபோது, "டிக்கெட் கிழிச்சுக் குடுப்பாரா?" என்று கேட்டார் அவள் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

கேட்டவுடனே, "எழுதிடறேம்மா, இதென்ன பெரிய விஷயம்" என்றுதான் குச்சிக்காரர் சொன்னார். மூன்று வாரம் ஆகிவிட்டது.

"சார், அந்தக் கடிதம்..."

"ஆங், ஆங். மறக்கல" என்றவர், ஏற்கனவே நேராக நின்ற, இசைக்குறிப்புத் தாள் வைக்கும் நோட்டுத் தாங்கியை இன்னும் நேராக்கப் போய்விட்டார்.

"அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். எதுக்கெடுத்தாலும் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்காத" என்றார் கணவர்.

"சொல்றது யாரு பாரு, பூதக்கண்ணாடி விக்கிறவர்."

ஐந்தாம் நாள் நோட்டுகளைப் பிரதி எடுக்க ஒத்திகைக் கூடத்து ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கினாள். யாரோ மறந்துபோன தாள் ஒன்று கண்ணாடியில் குப்புறக் கிடந்தது. திருப்பினாள். 'வியோலா வாசிப்பவர் தேவை. அடுத்த பருவம் முதல்.' கீழே குச்சிக்காரரின் கையெழுத்து.

குழுவில் வியோலா அவளோடு சேர்த்து மொத்தமே மூன்று பேர். ஒருவர் இப்போதுதான் பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக் குடிவந்திருந்தார். இன்னொருத்தியிடம் பேச்சோடு பேச்சாக, "நீ எங்கயாவது போறியா?" என்று கேட்டாள்.

"நான் எங்கடி போறது? ஏன்?"

"சும்மா."

காலியாகப் போவது தன் நாற்காலி. போக விடுகிற மனிதர் கடிதத்தை எழுதியிருக்க வேண்டும். எழுதாதவர் எதற்கு ஆள் தேடுகிறார்? இந்தக் கதவையும் சாத்தி அந்தக் கதவையும் சாத்துகிறாரா?

மறுநாள் அவருடைய அறையைக் கடந்தபோது கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, வியோலா... அவதான். கை நல்ல கை, ஆனா..." அவளைப் பார்த்ததும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அந்த 'ஆனா' அவளோடு பஸ் ஏறி, வீடு வரை வந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு கெடு முடியும். நாலு நாற்பதுக்குச் சிவப்பு பச்சையானது.

அவளுக்கு நிம்மதி வரவில்லை. ஒரு மாதம் அடைகாத்த மனிதர் கடைசி இருபது நிமிடத்தில் என்ன எழுதி அனுப்பியிருப்பார்? கடிதங்களைப் படிக்கக் கேட்க மாட்டேன் என்று விண்ணப்பத்தில் அவளே டிக் அடித்துக் கொடுத்திருந்தாள்.

"வரலன்னா மூஞ்சியத் தூக்கற. வந்தாலும் தூக்கற" என்றார் கணவர். "நான் என்னதான் பண்றது?"

இரண்டு வாரம் கழித்துத் தேர்வு. நீண்ட நடைபாதையின் எல்லாக் கதவுகளிலிருந்தும், தேர்வுக்கென்று கொடுத்திருந்த ஒரே இசைப்படைப்பு, ஒரே கான்செர்ட்டோ, வெவ்வேறு வேகத்தில் கசிந்தது. எதிரே ஒரு நெட்டையன் கத்தி தீட்டுகிற மாதிரி வில்லுக்கு ரோசின் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தான். கதவைத் திறந்த உதவியாளர் அவனைப் பார்த்துச் சிரித்ததும், 'இவன் இங்கத்த ஆள்தான், எல்லாம் பேசி முடிச்சாச்சு' என்று அவளுக்குத் தோன்றியது.

உள்ளே மூன்று பேர். நடுவில் கிராப் வெட்டிய தலைமைப் பேராசிரியை. அவள் கான்செர்ட்டோவைத் தொடங்கி இரண்டு பக்கம் தாண்டுவதற்குள், "போதும்" என்று கை உயர்ந்தது. பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க இசைக்குழுவை நடத்துறவர் ரொம்பக் கண்டிப்பா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "கடிதத்துல அப்படி ஏதாவது எழுதியிருக்காரா மேடம்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கடிதத்தை நாங்க இன்னும் திறக்கவே இல்லம்மா. வாசிப்பைக் கேட்டப்புறம்தான் படிப்போம். நீங்க ஒவ்வொரு வரி முடிவுலயும் ஒரு துளி நிக்கிறீங்க. யாரோ கை காட்டணும்னு காத்திருக்கிற மாதிரி. அதான் கேட்டேன்."

காது மடல் சுட்டது. தான் அப்படி நிற்பது அவளுக்கே தெரியாது.

"முதல்லேர்ந்து வாசிங்க. யாருக்காகவும் நிக்க வேண்டாம்."

அவள் வில்லைத் தூக்கினாள். முதல் வரி முடிந்த இடத்தில் கை தானாகத் தயங்கப் பார்த்தது, விடவில்லை. அடுத்த வரியில் தயக்கத்துக்கே நேரமில்லாமல் போயிற்று. நடுவில் ஒரு சுரம் தவறி விழுந்தது. விழட்டும் என்று மேலே போனாள். இந்த முறை கடைசி வரை யாரும் கை தூக்கவில்லை.

இடம் கிடைத்துவிட்டதாக அந்த மாதக் கடைசியில் தகவல் வந்தது. அன்று ஒத்திகைக்கு முன்னால் குச்சிக்காரர் அவளை நோட்டுகள் அடுக்கிய அறைக்குக் கூப்பிட்டார்.

"சந்தோஷம்மா. ஒண்ணு சொல்லணும்." அலமாரியைப் பார்த்துப் பேசினார். "நான் ரெண்டு கடிதம் எழுதினேன்."

அவள் வியோலா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நீ கேட்ட அன்னிலேர்ந்தே உன் இடத்துக்கு ஆள் தேடினேன், அப்புறம் அறிவிப்பும் அடிச்சேன். நாலஞ்சு பேர் வந்து வாசிச்சுக் காட்டினாங்க. கேட்டதும் பயம் வந்துடுச்சு. உன்னை விட்டா என் வியோலா வரிசை ஆட்டம் கண்டுடும். அந்தப் பயத்துல ஒண்ணு எழுதினேன். அதுல பொய் ஒரு வரி கிடையாது. 'கை நல்ல கை, ஆனா முன்னால போகத் தெரியாது, பின்னால வர்றதுதான் பழக்கம்'னு எழுதினேன். அதைப் படிச்சா எவனும் உன்னை எடுக்க மாட்டான்."

அவளுக்கு அந்த 'ஆனா' வந்த வழி புரிந்தது.

"பின்னால வரப் பழக்கினது யாரு சார்?"

அவர் சட்டைப்பையிலிருந்த குச்சியை எடுத்து, மறுபடி உள்ளே வைத்தார்.

"நான்தான்" என்றார் கடைசியில். "பதினோரு வருஷமா."

"அனுப்பினது எது?"

"ரெண்டாவது. அதுல அந்த வரி இல்ல. சத்தியமா."

காட்டச் சொல்லலாம். ஆனால் கேட்க மாட்டேன் என்று டிக் அடித்தவள் அவள். "சரி சார்" என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சனிக்கிழமைக் கச்சேரிக்கு இன்னும் இரண்டு ஒத்திகைதான் பாக்கி.

வீட்டில் முழுவதையும் சொன்னாள். கணவர் கேட்டு முடித்துவிட்டு, "நம்பினியா?" என்றார்.

"முகத்தைப் பாத்தா நிஜம் மாதிரிதான் இருந்துச்சு."

"அப்போ விடு. அதான் இடம் கிடைச்சாச்சே."

"நிஜம் மாதிரின்னுதானே சொன்னேன்?" என்றாள் அவள்.